நின்றுபோன ஜீப் எஞ்சினுக்கு மாற்று எது?

திருவனந்தபுரத்தில் கிழக்கே கோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கம்போளத்தின் கிழக்குப் பகுதி ஆரியசாலை. தமிழ் பேசும் வணிகக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் இடம். திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவானது இந்தக் கம்போளம். தொடக்கத்தில் மாட்டு வண்டிகள்தான் இங்கே சரக்கு கொண்டுவந்தன. மலையோர ஊர்களைப் பொறுத்தவரை, பிற்காலத்தில் அந்த வேலையில் பெரும்பங்கை ஏற்றது ஜீப். விதுர, பாலோடு, அம்பூரி பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் ஷீட்டும் மிளகும் சுமந்த மகிந்திரா ஜீப்புகள் பல இன்றும் ஓடுகின்றன. இருபது, முப்பது வயதான அந்த வண்டிகளில் சேஸிஸ் உறுதியாக இருக்கும், பாடி ஒட்டுப்போட்டு நிற்கும். ஒருநாள் எஞ்சின் மட்டும் கைவிட்டுவிடும்.

அப்போது உரிமையாளருக்கு வழிகள் சிலவே. வண்டியை எடைக்குப் போடலாம். பழைய எஞ்சினையே முழுதாகப் பிரித்து வேலை பார்க்கலாம். அதே வகை எஞ்சின் இன்னொன்றை வாங்கி வைக்கலாம். கூடுதல் சக்தியுள்ள வேறு எஞ்சினையும் ஏற்றலாம். கடைசி வழியைத்தான் ஆர்வலர்கள் மிகுதியாகப் பேசுகிறார்கள். மலைப்பாதையில் பிழைப்பு நடத்துபவர்கள் அதிகம் நாடுவது இரண்டாவதையும் மூன்றாவதையும். அவர்கள் பக்கம்தான் நியாயம் கூடுதலாக இருக்கிறது. அதற்குப் பொறியியலும் காரணம், சட்டமும் காரணம்.

எந்த வழியில் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: பழைய எஞ்சின் எதனால் போனது? இதற்குப் பதில் தெரியாமல் புது எஞ்சின் வைத்தால் அதுவும் அதே காரணத்தால் போகும். பழைய டீசல் ஜீப்புகளில் முதன்மையான எதிரி சூடு. ரேடியேட்டர் குழாய்களில் துருவும் உப்பும் படிந்து பாதி அடைத்திருக்கும். சமவெளியில் அது தெரியாது. முதல் கியரில் பொன்முடிக் கொண்டை ஊசி வளைவுகளை ஏறும்போது காற்றோட்டம் குறையும், சுமை கூடும், தண்ணீர் கொதிக்கும். முதலில் ஹெட் கேஸ்கட் போகும். அதையும் பொருட்படுத்தாமல் ஓட்டினால் ஹெட் வளையும் அல்லது வெடிக்கும். இந்த ரேடியேட்டரை அப்படியே விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் மாற்றினால், செலவழித்த பணம் அடுத்த மலையேற்றம் வரைதான் தாங்கும்.

இரண்டாவது எதிரி எண்ணெய்ப் பஞ்சம். ஆயில் சீல் கசிந்து சம்ப்பில் அளவு குறையும். சரிவான பாதையில் வண்டி சாயும்போது பம்ப்பின் வாய்க்கு எண்ணெய் எட்டாமல் போகும். கனெக்டிங் ராடு பேரிங் உருகிக் கிராங்க்கில் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது என்று வொர்க்ஷாப்பில் சொல்வது பெரும்பாலும் இந்த நிலையைத்தான். மூன்றாவது தூசி. காற்று வடிகட்டியிலிருந்து வரும் ரப்பர் குழாயில் சிறு கிழிசல் இருந்தாலே போதும். செம்மண் பாதையின் தூசி நேராக உள்ளே போய் ரிங்கையும் லைனரையும் தேய்த்துவிடும்.

நான்காவது தண்ணீர். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்தில் ஏராளமான வண்டிகள் மூழ்கின. அவற்றில் பலவற்றின் எஞ்சின் மூழ்கியபோது கெடவில்லை. வெள்ளம் வடிந்ததும் சாவியைத் திருப்பியபோதுதான் கெட்டது. தண்ணீரைக் காற்றைப் போல அழுத்த முடியாது. சிலிண்டரில் கொஞ்சம் தண்ணீர் நின்றாலும், மேலே ஏறும் பிஸ்டன் அதில் முட்டும், கனெக்டிங் ராடு வளையும். இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டுக் கிராங்க்கைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, எண்ணெயையும் வடிகட்டிகளையும் மாற்றியிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய எஞ்சின்கள் அவை.

போய்விட்டது என்று கைவிடப்படும் எஞ்சின் எல்லாம் உண்மையில் போனதல்ல என்பதும் சொல்ல வேண்டியதே. கறும்புகை தள்ளினால் நாசிலையோ, பம்ப்பின் அளவையோ, அடைத்த காற்று வடிகட்டியையோ முதலில் பார்க்கலாம். நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். சூடான பிறகும் வெண்புகை நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் கேஸ்கட்டையோ ஹெட்டையோ சந்தேகிக்க வேண்டும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்ததும் உள்ளிருந்து புகை அடித்து வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அளந்து பார்க்க அதிக நேரம் ஆகாது. ஒரே சிலிண்டர் மட்டும் தாழ்ந்திருந்தால் வால்வு வேலையோடு முடிந்துவிடலாம். இந்தச் சோதனைக்குப் பொறுமையில்லாமல் எஞ்சினை இறக்குவது உரிமையாளருக்கு எப்போதும் நஷ்டம்.

இந்த ஜீப்புகளின் எஞ்சின் வரலாறு, எதை எதற்கு மாற்றலாம் என்பதற்கான வழிகாட்டியாகவும் இருக்கிறது. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் மும்பையில் வில்லிஸ் உதிரிகளைப் பொருத்தி ஜீப் கட்டத் தொடங்கியது மகிந்திரா. பின்னர் பல்லாண்டு உற்பத்தியான சிஜே-3பி மாடலில் 2.2 லிட்டர் ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின் இருந்தது. பெட்ரோல் விலை ஏற ஏற, டீசல் எஞ்சினைத் தேடும் பழக்கம் வந்தது. சென்னை சிம்ப்சன் தயாரித்த பெர்கின்ஸ் எஞ்சின்களும், மேட்டடார் வேனில் வந்த மெர்சிடிஸ் வழி டீசல் எஞ்சினும் பல ஜீப்புகளில் ஏறின. ஆக, எஞ்சின் மாற்றுவது இந்த வண்டிக்குப் புதிதல்ல. அரசு அலுவலக ஜீப் முதல் எஸ்டேட் ஜீப் வரை அது பழகிய வேலை.

தொழிற்சாலையிலேயே டீசல் நிலைபெற்றது இரண்டு வழிகளில். ஒன்று, 1979ல் பிரான்சின் பெஜோ நிறுவனத்துடன் மகிந்திரா செய்துகொண்ட ஒப்பந்தம். எம்எம்-540 ஜீப்பில் வந்த 2112 சிசி எக்ஸ்டிபி எஞ்சின் அதன் பயன். சிலிண்டர் துளை 90 மி.மீ., பிஸ்டன் வீச்சு 83 மி.மீ. கார்களுக்காக உருவான குடும்பம் என்பதால் 4500 சுற்று வரை தாராளமாகச் சுழலும். டீசல் நேரடியாகச் சிலிண்டரில் பாயாது. முதலில் ஒரு சிறு அறையில் எரியத் தொடங்கும். ஆகவே குளிரில் கிளம்ப ஹீட்டர் பிளக் வேண்டும்.

இன்னொரு வழி வயலிலிருந்து வந்தது. 1960களில் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டருடன் சேர்ந்து மகிந்திரா டிராக்டர் தயாரிப்பில் இறங்கியது. அந்த டிராக்டர் எஞ்சினின் வழித்தோன்றல்தான் பிற்கால கமாண்டர், மேஜர், டிஐ பொலிரோ வண்டிகளில் வந்த 2523 சிசி எம்டிஐ. துளை 88.9 மி.மீ., வீச்சு 101.6 மி.மீ. என்ற அளவுகளே அதன் பிறப்பைச் சொல்லிவிடும்: சரியாக மூன்றரை அங்குலம், நான்கு அங்குலம். வீச்சு நீளமானதால் மெதுவாகச் சுழன்றே இழுக்கும். எம்டிஐ 3200 என்ற பெயரிலுள்ள எண், அதன் சுழற்சி வேகம். டீசல் நேராகப் பிஸ்டன் தலைமேல் பாய்வதால் எரிபொருள் குறைவாகச் செலவாகும், சத்தம் கூடுதலாக வரும். 2010ல் வந்த முதல் தார் வண்டியின் மலிவு மாடலான டிஐயிலும் இதே எஞ்சின்தான் இருந்தது. இத்தனை காலம் இத்தனை வண்டிகளில் ஓடியதால், இதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகளுக்கும் உதிரிகளுக்கும் தென்னிந்தியாவில் பஞ்சமில்லை. மாற்று எஞ்சின் தேடுபவருக்கு இதைவிடப் பெரிய தகுதி வேறில்லை.

தேனி மாவட்டத்தின் கொளுக்குமலைக்கு வண்டிப்பாதை கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான் போகிறது. பாறையும் பள்ளமுமான அந்தப் பாதையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்வதும் இந்த ஜீப்புகளே. அங்கே தேவைப்படுவது தாழ்ந்த சுழற்சியில் நின்று இழுக்கும் குணமும், பழுதானால் அன்றைக்கே உதிரி கிடைப்பதும். நூறு கிலோமீட்டர் வேகம் அந்தப் பாதையில் யாருக்கும் பயன்படாது.

எஞ்சினை முழுதாகப் பிரித்துச் செய்யும் வேலைக்குத் தென்மாவட்டங்களிலும் தென்கேரளத்திலும் நல்ல லேத் பட்டறைகள் உண்டு. லைனரைத் துளைத்துப் பெரிய பிஸ்டன் போடுவது, அல்லது லைனரையே மாற்றுவது, கிராங்க்கை உரசி அதற்கேற்ற பேரிங் போடுவது, ஹெட்டைச் சமப்படுத்தி வால்வு இருக்கைகளைச் சீராக்குவது எல்லாம் அவர்களுக்கு அன்றாட வேலை. உரசலுக்கும் வரம்பு உண்டு. கடைகளில் பத்து, இருபது, முப்பது என்று அளவு சொல்லிக் கேட்கும் பேரிங்குகள், அங்குலத்தில் ஆயிரத்தில் அத்தனை பங்கு கிராங்க் உரசிக் குறைக்கப்பட்டிருப்பதைக் குறிப்பவை. முப்பதையும் தாண்டிய கிராங்க்கை நம்பி முழு வேலை பார்ப்பது வீண். பிளாக்கில் வெடிப்பு இருந்தாலோ, உடைந்த ராடு பிளாக்கின் பக்கச் சுவரைத் துளைத்திருந்தாலோ, அங்கேயே பேச்சு முடிந்தது. வேறு எஞ்சின் தேட வேண்டியதுதான்.

தேடுபவர்கள் போகும் இடங்கள் தெரிந்தவையே. சென்னையில் புதுப்பேட்டை, கோவையில் உக்கடம். வடக்கே பஞ்சாப், ஹரியானா எல்லையிலுள்ள மண்டி டப்வாலி, ராணுவம் கழித்த வண்டிகளையும் பழைய உதிரிகளையும் சேர்த்து ஜீப் கட்டுவதில் பெயர் பெற்ற ஊர். இத்தகைய சந்தைகளில் கிடைக்கும் எஞ்சின் பெயின்ட் அடித்துப் பளபளப்பாக இருக்கும். பெயின்ட்டுக்கு உள்ளே இருப்பதைத்தான் பார்க்க வேண்டும். ஓட்டிக் காட்டச் சொல்வது முதல் நிபந்தனை. காலையில் குளிர்ந்த நிலையில் கிளம்புகிறதா, சூடான பின் எண்ணெய் அழுத்தம் நிற்கிறதா, பிரீதர் குழாயில் புகை எவ்வளவு என்று பார்க்கலாம். சம்ப்பைக் கழற்றி அடியில் உலோகத் துகள் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க விடாத வியாபாரியிடம் வாங்காமல் இருப்பதே மேல். எஞ்சின் எண் உரசாமல் தெளிவாக இருக்க வேண்டும். எந்த வண்டியிலிருந்து இறங்கியது என்பதற்குத் தாளும் ரசீதும் வேண்டும். திருட்டு வண்டியின் எஞ்சின் தெரியாமல் கைமாறி வந்துவிட்டால், கடைசியாக வாங்கியவர்தான் காவல் நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வேறு வகை எஞ்சின் ஏற்ற நினைப்பவர் முதலில் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும். பழைய வில்லிஸ் வழி ஜீப்பின் ஆக்சில் விகிதம் 5.38. அதாவது புரொப்பெல்லர் ஷாஃப்ட் 5.38 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒரு முறை சுற்றும். 6.00-16 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர். மேல் கியரில் எஞ்சின் 4500 சுற்றில் ஓடினால் வண்டி மணிக்குச் சுமார் 110 கி.மீ. போகும். அதே ஆக்சிலோடு 3200 சுற்று டிராக்டர் வழி எஞ்சினை வைத்தால் 78 கி.மீ.யில் மூச்சு நின்றுவிடும். எஞ்சின் வாய்விட்டு அலறாமல் 2500 சுற்றில் நிதானமாக ஓட்டினால் கிடைப்பது 61. ஆக்சில் விகிதத்தை 4.27க்கு மாற்றினால் 3200 சுற்றில் 99 வரை போகலாம். ஆனால் முன், பின் இரண்டு ஆக்சிலையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையும். எஞ்சின் விலையை மட்டும் பார்த்து இறங்கியவர்கள் இந்த இடத்தில்தான் திகைத்துப்போகிறார்கள்.

இது தொடக்கம்தான். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கில் போல்ட் துளைகள் பொருந்தாது, இடையில் ஒரு தட்டு கடைய வேண்டும். அந்தத் தட்டின் மையம் இம்மியளவு விலகினாலும் கியர்பாக்ஸின் முன் பேரிங் சில மாதங்களில் போய்விடும். சம்ப் முன் ஆக்சிலில் இடிக்கலாம். கனமான டீசல் எஞ்சின் முன்பக்கப் பட்டை வில்களைத் தாழ்த்தும். பெட்ரோல் வண்டியாக இருந்திருந்தால் பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் எஞ்சினிலிருந்தே கிடைத்திருக்கும். டீசலில் அது கிடைக்காது. ஆல்டர்னேட்டரின் வாலில் வெற்றிடப் பம்ப் ஒன்று வேண்டும். அதை மறந்துவிட்டு மலையிறங்கிய வண்டியின் பிரேக் மிதி கல்லாக இறுகும்போதுதான் தவறு புரியும். இது உயிரோடு விளையாடும் விஷயம்.

புதிய காமன் ரெயில் எஞ்சின் என்றால் சிக்கல் இன்னும் வேறு. முதல் தார் சிஆர்டிஇயின் 2498 சிசி எஞ்சின் 105 குதிரைத்திறன் தரும், பழைய ஜீப்பை அடியோடு மாற்றிவிடும். உண்மைதான். ஆனால் அந்த எஞ்சினோடு அதன் கணினிப் பெட்டி, வயர் கட்டு, ஆக்சிலரேட்டர் சென்சார், சாவியை அடையாளம் காணும் அமைப்பு எல்லாம் சேர்ந்தே வர வேண்டும். பழைய பம்ப்பைச் சரிசெய்யும் கடைக்காரரால் இதைத் தொட முடியாது. காட்டுக்குள் ஒரு வயர் அறுந்தால் வண்டி அங்கேயே நிற்கும்.

வெளிநாடுகளில் இந்த மாற்றம் வெற்றிபெற்ற இடங்களைப் பார்த்தால் காரணமும் தெளிவாகத் தெரிகிறது. 1989ல் டிஸ்கவரியோடு வந்த லேண்ட் ரோவர் 200டிடிஐ எஞ்சினைப் பழைய சீரீஸ் லேண்ட் ரோவர்களில் ஏற்றுவது பிரிட்டனில் வெகுகாலமாக நடக்கும் வேலை. 2286 சிசி பழைய எஞ்சினுக்கும் 2495 சிசி புதிய எஞ்சினுக்கும் சிலிண்டர் துளை ஒன்றே, 90.47 மி.மீ. வீச்சு மட்டும்தான் நீண்டது. குடும்பம் ஒன்றென்பதால் பழைய கியர்பாக்ஸோடு அது இணங்கிவிட்டது. அப்போதும் 4.7 ஆக்சில் விகிதத்துக்குப் பதிலாக ரேஞ்ச் ரோவரின் 3.54ஐப் போட்டவர்களே நெடுஞ்சாலையில் நிம்மதியாக ஓட்டினார்கள். அமெரிக்காவில் கம்மின்ஸ் நிறுவனம் 2017 வாக்கில் 2.8 லிட்டர் டீசல் எஞ்சினை, கணினியும் வயரும் சேர்த்துப் பெட்டியில் அடைத்து, பழைய நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கென்றே விற்கத் தொடங்கியது. தயாரிப்பாளரே முழுத் தொகுப்பாகத் தந்ததுதான் அங்கே வேலையை எளிதாக்கியது. அப்படியொரு தொகுப்பை இந்திய ஜீப்புகளுக்கு மகிந்திரா தந்திருந்தால் எத்தனையோ நல்ல சேஸிஸ்கள் எடைக்குப் போகாமல் தப்பியிருக்கும்.

அடுத்தது சட்டம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எரிபொருள் மாற்றும் அங்கீகரிக்கப்பட்ட கிட் பொருத்துவதற்கு விலக்கு உண்டு. எஞ்சின் மாற்றினால் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரியிடம் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். பத்து வண்டிக்குக் குறையாமல் வைத்திருக்கும் போக்குவரத்து நிறுவனத்துக்கு, முன் அனுமதியின்றி எஞ்சின் மாற்றிக்கொள்ள மாநில அரசு இடம் கொடுக்கலாம். அங்கும் அதே தயாரிப்பு, அதே வகை எஞ்சினாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சட்டம் எந்த வகை மாற்றத்தை இயல்பாகக் கருதுகிறது என்பது இதிலிருந்தே தெரியும்.

இந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் விரிவாக அலசியது கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில்தான். 2019 ஜனவரி 9 அன்று வந்த தீர்ப்பு, தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு முரணான மாற்றத்தை மாநில விதிகளைக் காட்டி நியாயப்படுத்த முடியாது என்று சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம், அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவில் விதித்தது. பதிவு செய்யாத எஞ்சினோடு ஓடும் வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீட்டு நிறுவனம் கேள்வி எழுப்பும் என்பதையும் மறக்கக் கூடாது. கேரளத்தில் வண்டி மாற்றங்களைப் பிடிக்கும் சோதனைகள் கடுமையானவை. ஜீப் கவனத்தை ஈர்க்கும் வண்டி என்பதால் முதலில் நிறுத்தப்படுவதும் அதுவே.

வயதும் ஒரு கணக்கு. தனியார் வண்டிக்கு 15 ஆண்டு முடிந்ததும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். கார் வகைக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5000 ஆனது. திருவனந்தபுரம் உட்பட ஆறு கேரள நகரங்களில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளை நிறுத்த 2016 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அது நடைமுறைக்கு வரவில்லை. டெல்லியில் அத்தகைய தடை வந்தது. பழைய டீசலில் பெரும் பணம் போடுபவர் இந்தப் போக்கையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஃபிட்னஸ் முடிய ஆறு மாதமே இருக்கும் வண்டியில் சேஸிஸ் துருப்பிடித்திருந்தால், எவ்வளவு நல்ல எஞ்சின் கிடைத்தாலும் வைக்காமல் இருப்பதே சரி.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், மலைத்தோட்டத்தில் உழைக்கும் கமாண்டருக்கோ மேஜருக்கோ அதே எம்டிஐ எஞ்சினை நல்ல லேத்தில் கொடுத்துச் சீராக்குவதே முதல் தேர்வு. பிளாக் போயிருந்தால் தாளுள்ள இன்னொரு எம்டிஐ. எம்எம்-540க்கு எக்ஸ்டிபி உதிரி தேடி அலைவது கடினமாகி வருகிறது. அங்கே எம்டிஐக்கு மாறுவதில் பொருள் இருக்கிறது. வேலையைத் தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, அனுமதி கிடைக்கும் என்றால் மட்டும், ஆக்சில் விகிதத்தையும் எண்ணிச் செய்ய வேண்டிய மாற்றம் அது. காமன் ரெயில் ஆசை, வண்டியை நம்பிப் பிழைக்காதவருக்கு மட்டும் கட்டுப்படியாகும்.

எஞ்சின் ஏறிய பிறகும் வேலை முடியாது. ரேடியேட்டரைத் திறந்து சுத்தம் செய்து, தெர்மோஸ்டாட்டையும் ஹோஸ்களையும் புதிதாகப் போட வேண்டும். பழைய டீசல் டேங்க்கின் அடியில் படிந்த சேற்றைக் கழுவாமல் விட்டால் புது நாசில்கள் சில நாளில் அடைக்கும். பம்ப்பையும் நாசிலையும் காலிப்ரேஷன் பெஞ்சில் வைத்துப் பார்த்துத்தான் பூட்ட வேண்டும். முதல் முறை கிளப்பும் முன் டீசலை நிறுத்திவிட்டு ஸ்டார்ட்டரால் சுற்றவிட்டு எண்ணெய் அழுத்தம் ஏறுவதை உறுதி செய்துகொள்ளலாம். முதல் சில நூறு கிலோமீட்டர் சுமையில்லாமல், ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாமல் இருக்க வேண்டும். தயாரிப்பாளர் கேஸ்கட்டுக்கு அப்படிச் சொல்லியிருந்தால் ஹெட் போல்ட்டுகளை மீண்டும் டார்க் ரெஞ்ச் போட்டு முறுக்கி, 500 கிலோமீட்டரில் எண்ணெயை இறக்கி, வடிகட்டியை வெட்டிப் பார்த்து, அதில் மின்னும் துகள் இல்லையென்றால் மட்டும் வண்டியில் சுமை ஏற்றலாம்.